பயணத்தில் நிற்கும், வேலையில் படுக்கும் பெட்டி

நண்பர் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு பேச்சு ரொம்ப நாளாக எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. "வெளிநாட்டுல தச்சு வேலை கத்துக்கிறவன் முதல்ல தன் கருவிக்கு ஒரு பெட்டி செய்வான். நம்ம ஊர்ல முப்பது வருஷம் வேலை பார்த்த ஆசாரிகூட எல்லாத்தையும் உரச்சாக்குல போட்டுத்தான் தூக்கிட்டு வர்றார். கருவி மேல மரியாதையே கிடையாது" என்றார். அன்றைக்கு நான் மறுத்துப் பேசினேன், ஆனால் உருப்படியாக ஒரு காரணமும் என்னிடம் இல்லை. ஆயுதபூஜையைச் சொன்னேன். அது வருஷத்துக்கு ஒருநாள், மீதி நாளெல்லாம் சாக்குதானே என்றார். அவர் சொன்னது தப்பு என்று மனசுக்குத் தெரிகிறது, ஏன் தப்பு என்று வாய்க்கு வரவில்லை. அப்படி ஒரு நிலை எரிச்சலானது.

மரவேலை எனக்குத் தொழில் கிடையாது. லீவு நாட்களில் மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்து மணை, அலமாரித் தட்டு, சின்ன ஸ்டூல் என்று எதையாவது செய்வேன். எங்கள் வீட்டு வாசக்கால் கதவு மழையில் ஊதிச் சாத்த முடியாமல் போகும்போதெல்லாம் வருகிற தச்சர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். மதுரைக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து எக்ஸ்எல் வண்டியில் வருவார். அவரிடமும் சாக்குதான். நண்பர் பேசிவிட்டுப் போன பிறகு அவர் கதவு வேலைக்கு வந்தபோது, அந்தச் சாக்கை முதல்முறையாக நின்று பார்த்தேன்.

பார்த்தால், அது வெறும் சாக்கு இல்லை. ஒவ்வொரு உளியின் முனைக்கும் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, மடித்து, உறை மாதிரி மாட்டியிருந்தார். கால் இஞ்ச் உளிக்குத் தனி, ஒரு இஞ்ச் உளிக்குத் தனி. ரம்பப் பல்லுக்குத் தண்ணீர் பிடிக்கிற பச்சை ட்யூபை நெடுக்கக் கீறி, பல் முழுக்க உள்ளே போகும்படி அழுத்தியிருந்தார். இழைப்புளியில் தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, மேலே எண்ணெய்த் துணியைச் சுற்றியிருந்தார். சாணைக்கல் ஒரு தகர டப்பாவில். மூலைமட்டம் மட்டும் சாக்குக்குள் இல்லை, அவருடைய துண்டில் சுற்றி வண்டியின் பக்கவாட்டில் தனியாக இருந்தது. அது ஒரு தடவை கீழே விழுந்தால்கூட கோணம் போய்விடும், அப்புறம் எந்தப் பொருத்தும் சரியாக வராது என்றார்.

மரியாதை இல்லாத ஆள் இதையெல்லாம் செய்ய மாட்டார்.

"பெட்டி வச்சுக்கலாமேய்யா" என்று கேட்டேன். சிரித்தார். "வச்சிருந்தேன் தம்பி. எங்க அப்பா செஞ்சது, வேங்கையில. சைக்கிள்ல கேரியர்ல கட்டி ரெண்டு வருஷம் கொண்டுபோனேன். அப்புறம் டவுனுக்குள்ள வேலைக்கு வர ஆரம்பிச்சதும் பஸ்ஸு. பெட்டிய ஏத்தினா கண்டக்டர் லக்கேஜ் போடுவாரு, இல்லாட்டி எடம் இல்லம்பாரு. சாக்குன்னா சீட்டுக்கடியில தள்ளிரலாம். அதுலேர்ந்து சாக்குதான்."

எனக்குத் திருப்பம் அந்த இடம்தான். இத்தனை நாள் நான் மரியாதை, பண்பாடு என்று பெரிய வார்த்தைகளில் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பதில் பஸ் சீட்டுக்கடியில் இருந்தது. ஒரு தச்சர் வேலைக்கு எப்படிப் போகிறார், எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்ற இரண்டும்தான் கருவி எதில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

உலகத்தில் பேர்பெற்ற கருவிப்பெட்டிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. சுவீடனின் காட்லாண்ட் தீவில் 1936ல் ஒரு விவசாயி சதுப்பாக இருந்த நிலத்தை உழும்போது கலப்பையில் ஒரு ஓக் மரப்பெட்டி சிக்கியது. சுமார் 90 சென்டிமீட்டர் நீளம். உள்ளும் புறமுமாக இருநூறுக்கும் மேற்பட்ட பொருட்கள், தச்சுக் கருவியும் கொல்லுக் கருவியும் கலந்து. வைக்கிங் காலத்துப் பெட்டி, ஏறக்குறைய ஆயிரம் வருஷப் பழசு. நீளமாக, ஒடுக்கமாக, தாழ்வாக இருக்கும். 1545ல் மூழ்கி 1982ல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலில் தச்சருக்கென்று ஓர் அறையே இருந்தது. அவருடைய கருவிகளும் பெட்டிகளும் அங்கே கிடைத்தன. அந்தப் பெட்டிகளை அவர் தினமும் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டியதில்லை, கப்பலே அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

அப்புறம் மரவேலைக்காரர்கள் எல்லாரும் வியக்கிற ஸ்டட்லியின் பெட்டி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஆர்கன், பியானோ செய்யும் பட்டறைகளில் வேலை பார்த்தவர் ஹென்றி ஸ்டட்லி. 1838ல் பிறந்து 1925ல் இறந்தார். மஹோகனியில் செய்து, கருங்காலியும் முத்துச்சிப்பியும் பதித்த அந்தப் பெட்டிக்குள் 300க்கு நெருக்கமான கருவிகள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்து மடக்கினால்தான் அதன் பின்னால் இருப்பதை எடுக்க முடியும். அதைப் போல இன்னொன்று கிடையாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது பட்டறைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டிய பெட்டி. மனிதர் அதனிடம் வருவார், அது மனிதரோடு போகாது. நம் ஊர்த் தச்சர் வாடிக்கையாளரின் வீட்டுத் திண்ணையில், கட்டுமான இடத்தில், கோயில் மண்டபத்தில் வேலை செய்கிறவர். பட்டறைக்காரரின் பெட்டியை வைத்து இவரை அளந்தால் எந்த அளவும் ஒத்துவராது.

சரி, அப்படியென்றால் இவருக்கு ஏற்ற பெட்டி எது? கேள்வி அங்கே நகர்ந்ததும் எனக்குச் செய்துபார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஐயாவிடம் சொன்னேன். "பஸ்ஸெல்லாம் இப்ப இல்லையே தம்பி, வண்டிதான். செய்யலாம். ஆனா வெயிட்டு கூடாது" என்று ஒப்புக்கொண்டார்.

எக்ஸ்எல்லும் கேஸ் சிலிண்டரும்

இணையத்தில் கருவிப்பெட்டி என்று தேடினால் முதலில் வருவது, நடுவில் உருளைக்கட்டையைக் கைப்பிடியாக வைத்த திறந்த பெட்டி. செய்வது சுலபம், பார்க்கவும் அழகு. இடுப்பு உயர மேஜையில் நின்று வேலை செய்கிறவருக்கு அது சரி. தரையில் சம்மணமிட்டு, கட்டை விரலால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைக்கிறவருக்கு அந்தக் கைப்பிடி ஒவ்வொரு தடவையும் கைக்குக் குறுக்கே வரும். மூடி இல்லாததால் வண்டியில் தூசி, மழை எல்லாம் உள்ளே.

ஜப்பானியத் தச்சர்களின் பழைய பெட்டி எனக்கு நினைவு வந்தது. அவர்களும் தாழ உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். கீல் இல்லை, கொண்டி இல்லை. பலகையும் ஆணியும்தான். மூடி இரண்டு குறுக்குப் பட்டைகளுக்கு அடியில் நழுவிப் பூட்டிக்கொள்ளும், ஒரு ஆப்பு அதை நகராமல் பிடிக்கும். ஆணியைத் தவிர, அடிபட்டு வளைய உலோகம் எதுவும் இல்லாத பெட்டி. இதுதான் என்று முடிவு செய்தேன்.

அளவெடுக்கும் விஷயத்தில் ஐயா டேப்பைத் தொடவில்லை. வண்டியின் முன்பக்கம், கால் வைக்கிற இடத்தைக் காட்டினார். "இங்க கேஸ் சிலிண்டர் நிக்கும். அப்ப பெட்டியும் நிக்கணும்." எக்ஸ்எல் ஓட்டுகிற யாருக்கும் இது விளக்க வேண்டாத சங்கதி. 14.2 கிலோ சிலிண்டர், அரிசி மூட்டை, மாட்டுத்தீவனம் எல்லாம் ஏறுகிற இடம் அது. 2 அடிக்கு மேல் நீளமான பெட்டியை அங்கே குறுக்கே படுக்கவைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஆனால் வேலை செய்யுமிடத்தில் பெட்டி படுத்திருக்க வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்த கைக்குக் கருவி எட்டும்.

ஆக, பயணத்தில் நிற்கிற பெட்டி, வேலையில் படுக்கிற பெட்டி. நான் பார்த்த எந்த வரைபடத்திலும் இது இல்லை. பெட்டியை நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு முனைக்குச் சரியும். உளி முனையும் ரம்பப் பல்லும் இழைப்புளித் தகடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பெட்டியைவிடச் சாக்கே மேல். இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதுதான் மொத்த வேலையும். மற்றதெல்லாம் நாலு பலகையைச் சேர்ப்பது.

கருவிகளை ஆயுதபூஜைக்குப் பரப்புவதுபோல மொட்டைமாடியில் பரப்பினோம். ஆக நீளமானது ரம்பம்: 18 இஞ்ச் தகடு, கைப்பிடியோடு சேர்த்து 22½. ஆக உயரமானது இழைப்புளி. 14 இஞ்ச் இரும்பு இழைப்புளியைப் பிடியோடு நிறுத்தினால் 6 இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டும் நீளத்தையும் உயரத்தையும் தீர்மானித்துவிட்டன. உள்ளளவு நீளம் 23, அகலம் 8, மூடிக்குக் கீழே உயரம் 6½. நிறுத்தினால் சிலிண்டர் அடைக்கிற இடத்தைவிடக் குறைவாகத்தான் அடைக்கும்.

பலகையும் காடியும்

மரம் பேக்கிங் பலகை. இறக்குமதிச் சரக்கோடு வருகிற பைன் மரச் சட்டங்கள் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது கட்டையில் சூடு போட்டதுபோல் இருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் 'எச்.டி.' என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உள்ளே 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறும்படி பதப்படுத்தியது என்று அர்த்தம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை நான் ஒதுக்கிவிடுவேன். பைன் தேக்கைவிட லேசு, ஆணியும் சுலபமாக இறங்கும். துவர்ப்புச் சத்து அதிகமுள்ள மரம் ஈரத்தில் இரும்பைக் கறுக்கவைக்கும், அதனால் வீட்டில் கிடந்த கருவேலத் துண்டுகளை எடுக்கவில்லை. பிளைவுட் வேண்டாம் என்றது ஐயா. ஓரத்தில் ஆணி அடித்தால் தாள் தாளாகப் பிரியும் என்பது அவர் அனுபவம்.

பக்கப்பலகைகள் 6 நூல் கனம், அதாவது முக்கால் இஞ்ச்; எட்டு நூல் ஒரு இஞ்ச். இவை இரண்டும் முனைப்பலகையைத் தாண்டி இரு பக்கமும் 1½ இஞ்ச் நீண்டிருக்கும். இதற்கு மூன்று காரணம் உண்டு. ஓரத்துக்கு மிக அருகில் ஆணி அடித்தால் பலகை பிளக்கும், நீட்டம் இருப்பதால் ஆணி உள்ளே தள்ளி விழுகிறது. நீட்டங்களுக்கு நடுவே ஒரு ரீப்பர் கட்டையை அடித்தால் அதுவே கைப்பிடி. பெட்டியை நிறுத்தும்போது அந்த நீட்டங்கள் கால்களாகின்றன, முனைப்பலகை ஈரத் தரையில் படாது.

முனைப்பலகையை ஆணியை மட்டும் நம்பி அடிக்கக் கூடாது. அதன் வெட்டு முனையில், அதாவது நார் அறுபட்ட முகத்தில், இறங்குகிற ஆணிக்குப் பிடிப்பு குறைவு. பெட்டி நிற்கும்போது மொத்தக் கருவிகளின் பாரமும் அந்த ஒரு பலகையில்தான். வண்டி குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் அது கீழ்நோக்கிக் குத்தும். அதனால் பக்கப்பலகையில் 2 நூல் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, முனைப்பலகையை அதில் சொருகினோம். பாரத்தைக் காடியின் விளிம்பு தாங்கும், ஆணிக்கு வேலை பலகையைச் சேர்த்துப் பிடிப்பது மட்டும்.

ஐயா காடி எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். அளவுகோலை வைத்துக் கோடு போடவில்லை. முனைப்பலகையையே பக்கப்பலகை மேல் நிறுத்தி, அதன் இரு ஓரத்திலும் கத்தி முனையால் கீறினார். அந்தக் கீறலுக்குள் உளியைச் சாய்த்து ஒரு மெல்லிய சரிவு வெட்டினார், ரம்பம் தானாக அதில் உட்கார்ந்துகொள்ள. இடது காலின் பெருவிரல் பலகையை அழுத்தியிருக்க, ரம்பத்தின் நுனியை மட்டும் வைத்து இழுத்தார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் உளியைத் தட்டி நடுவில் இருந்த மரத்தை எடுத்தபோது ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி. ஒரே பக்கத்திலிருந்து தள்ளினால் எதிர் ஓரம் சிலும்பிப் பெயர்ந்துவிடும். கடைசியில் முனைப்பலகையை வைத்துப் பார்த்தார். கையால் அழுத்தினால் இறங்கவில்லை, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டினால் இறங்கியது. "இவ்வளவு இறுக்கம் போதும், மழைக்கு இன்னும் புடிச்சுக்கும்" என்றார்.

ஆணியை நேராக அடிக்காமல் ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியும் சாய்த்து அடித்தோம், இழுத்தால் உருவாது. ஆணிக் கனத்தைவிடச் சின்னதாக முன்துளை போட்டுக்கொண்டோம். ஃபெவிகால் காடியில் மட்டும். அடிப்பலகையில் பசை இல்லை, நாளைக்கு உடைந்தால் கழற்றி மாற்ற வேண்டும்.

மூடி தன்னைத்தானே பூட்டிக்கொள்வது

மூடியின் கணக்கை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், செய்பவர்களுக்கு உதவும். பெட்டியின் மேல் இரண்டு முனையிலும் குறுக்குப் பட்டைகள் நிரந்தரமாக அடிக்கப்படுகின்றன. ஒரு பட்டை உள்பக்கம் 3 இஞ்ச் மூடும், மற்றது 1½ இஞ்ச். நடுவில் 18½ இஞ்ச் திறப்பு. மூடிப்பலகையின் நீளம் 21. திறப்பைவிடப் பெரிய மூடி எப்படி உள்ளே போகும்? முதலில் அகலப் பட்டைக்கு அடியில் முழுக்கத் தள்ள வேண்டும். மறுமுனை திறப்புக்குள் விழுந்துவிடும். பக்கப்பலகையின் உள்முகத்தில் அடித்த மெல்லிய சட்டங்கள் மேல் மூடி உட்காரும். அப்புறம் எதிர்ப்பக்கம் 1½ இஞ்ச் நகர்த்தினால் குறும்பட்டைக்கு அடியில் 1 இஞ்ச்சும், அகலப் பட்டைக்கு அடியில் 1½ இஞ்ச்சும் சிக்கிக்கொள்ளும். மூடியின் மேல் இரண்டு குறுக்கு ரீப்பர்கள் இருக்கின்றன. குறும்பட்டைப் பக்கத்து ரீப்பர் மூடியின் ஓரத்திலிருந்து 1 இஞ்ச் தள்ளி, மற்றது 3 இஞ்ச் தள்ளி. பூட்டிய நிலையில் அகலப் பட்டைக்கும் ரீப்பருக்கும் நடுவே 1½ இஞ்ச் இடைவெளி வரும். அதில் ஆப்பைச் சொருகினால் மூடி அசையாது.

இதில் ஐயா சேர்த்த ஒரு யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குறும்பட்டை இருக்கிற முனை கீழே வரும்படி பெட்டியை நிறுத்தச் சொன்னார். பூட்டும் திசையும் கீழ்நோக்கிய திசையும் ஒன்றாகிவிடுகின்றன. மூடியின் சொந்தப் பாரமே அதைப் பூட்டிய நிலையில் வைத்திருக்கும். ஆப்பு வழியில் எங்காவது விழுந்துபோனாலும் மூடி திறக்காது. தலைகீழாக நிறுத்தினால் ஆப்பு ஒன்றுதான் காவல். எந்த முனை கீழே என்று மறக்காமலிருக்கக் கைப்பிடிக் கட்டையில் உளியால் ஒரு அம்புக்குறி வெட்டினார்.

உள்ளமைப்பும் அந்த முனையை வைத்தே அமைந்தது. கனமான இழைப்புளி கீழ்முனையில், அதன் பின்முனை முனைப்பலகையைத் தொட்டபடி. பக்கத்தில் சாணைக்கல். உளிகளின் பிடிகள் கீழ்நோக்கி ஒரு குறுக்குச் சட்டத்தில் உட்காரும், முனைகள் மேல்நோக்கி, காடி வெட்டிய ஒரு கட்டைக்குள் தனித்தனியாக நுழைந்திருக்கும். நிறுத்தினால் பிடியில் பாரம் நிற்கும், முனை எதையும் தொடாது. படுக்கவைத்தால் வரிசையாகக் கிடக்கும், பார்க்காமலேயே எடுக்கலாம். ரம்பம் பக்கப்பலகையை ஒட்டி, ரம்பத்தாலேயே வெட்டிய வாய்ப்பிளவில் பல்லைக் கொடுத்து நிற்கிறது. மூலைமட்டத்துக்கு மேல்முனையில், எதுவும் சரிந்து வந்து மோத முடியாத இடத்தில் தனி அறை. துண்டில் சுற்றிக்கொண்டு போன அதற்குத்தான் முதலில் இடம் ஒதுக்கினார்.

மூடிக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே இருபுறமும் ஒரு நூல் இடைவெளி விட்டிருந்தோம். மரம் நீளத்தில் அதிகம் மாறாது, அகலத்தில்தான் ஊதும். ஐப்பசி மழையில் அந்த ஒரு நூலில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டது, ஆனால் மூடி சிக்கவில்லை. வெளியே எண்ணெய் மட்டும், வார்னிஷ் இல்லை. உள்ளே எதுவும் பூசவில்லை. தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த ஒரு துணி உளிக் கட்டைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும், வேலை முடிந்து வைக்கும்போது ஒவ்வொரு தகட்டையும் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வைப்பார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சாக்கு என்பது கருவியை மதிக்காததன் அடையாளம் இல்லை, பஸ்ஸில் வேலைக்குப் போன ஒரு தலைமுறை கண்டுபிடித்த வழி என்று சொன்னேன். சைக்கிள் ட்யூப் உறைகளின் படத்தையும் அனுப்பினேன். பெட்டி செய்ததாலேயே ஐயாவுக்குக் கருவி மேல் மரியாதை புதிதாக வந்துவிடவில்லை, அந்த உறைகளை இப்போதும் கழற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இன்னும் அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. எனக்கு உறுத்தல் போய்விட்டது.

ஐயாவின் மகன் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போகிறார். டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், பேட்டரி, சார்ஜர் எல்லாம் அவரிடம் இப்போது சாக்கில்தான். தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் பல்சரில் போகிறவர், முன்னால் நிறுத்த இடம் கிடையாது, பின் சீட்டில் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். ஒயர் மடியாமல் சுற்றி வைக்கவும் தனி இடம் தேவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், சீட்டில் குச்சி வைத்து அளக்க.